இரண்டு மதிப்பெண்

ஓஹையோவில், ஃபிண்ட்லேக்கு வெளியே, சந்தைத் திடல்.
ஆகஸ்ட் ஞாயிறு. ஒன்பது மணிக்கே தார் இளகிவிட்டது.
என் கையில் அட்டை, மொத்தம் ஆயிரம் மதிப்பெண்.
நான் கொடுப்பவன் அல்ல, கழிப்பவன்.
போல்ட்டின் தலையில் தவறான எழுத்தா, அரை.
ரேடியேட்டர் குழாயில் அந்த வருடத்துக்கு ஒவ்வாத கவ்வியா, ஒன்று.
எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள்;
காபி மட்டும் வாங்கித் தரக்கூடாது, விதி.

பதினேழாம் கட்டத்தில் வெர்லின் ஸ்டாம்பரின் சேலஞ்சர்.
எழுபதாம் வருடத்து வண்டி,
கத்தரிப்பூவை உருக்கி ஊற்றிய நிறம்.
பதினோரு வருடம், ஒரு விவாகரத்து, இரண்டு கேரேஜ்.
கீழே கண்ணாடி விரித்து வயிற்றையும் காட்டுகிறான்.
ஆலையில் எவனோ அவசரத்தில் வழியவிட்ட பெயின்ட்டை
அதே இடத்தில் அதே நீளத்துக்கு வழியவைக்க
நாற்பது முறை தகரத்தில் பழகினானாம்.
ஒரு கவனக்குறைவுக்கு
இத்தனை கவனம்.

பக்கத்து மடக்கு நாற்காலிகளில் வழக்கமான சபை.
"மழையில் நனையாதது காரா? பொம்மை" என்றான் ஓடெல் கிரீர்.
அவனுடைய ரோட் ரன்னர் துருவோடுதான் வந்திருக்கிறது,
துருவுக்கு மெருகு போடுகிறான் என்று ஊரில் பேச்சு.
"பிரேக் என்று ஒன்று இருந்ததாகவே எனக்கு நினைவில்லை"
என்றாள் மார்லா ட்விக்.
ஒரே கோடையில் நான்கு அஞ்சல்பெட்டிகளைச் சாய்த்தவள்.
"நேராகப் போகும். திரும்பச் சொன்னால் யோசிக்கும்."
எத்தனை மைல் கொடுக்கும் என்று
யாரும் யாரையும் கேட்கவில்லை.

அவள் கழிப்பறைக்கு வழி கேட்கத்தான் நின்றாள்.
பெர்னடீன் வோய்சிக். கையில் பாதி எலுமிச்சைச் சாறு.
திறந்திருந்த பானெட்டுக்குள் பார்வை போயிற்று.
எஞ்சினுக்குப் பின்னால், தடுப்புத் தகட்டில்,
மஞ்சள் மெழுகுக்குச்சியால் ஒரு கோடு, ஒரு சுழி.
"இது யார் போட்டது?"
"சோதனைக் குறி" என்றான் வெர்லின், குருக்கள் குரலில்.
"ஹாம்ட்ராமிக் ஆலையில் போடுவார்கள். படத்தைப் பார்த்து வரைந்தேன்."
"போடுவார்களா? நான் போட்டேன்.
இரண்டாம் ஷிஃப்ட், பதினான்கு மாதம்.
என் சுழி இந்தப் பக்கம் சாயாது. எனக்கு இடது கை.
இது பகல் ஷிஃப்ட்காரனுடையது."

சபை எழுந்து வந்துவிட்டது.
இந்த வண்டி உங்கள் கைக்கு வந்ததா?
"எப்படித் தெரியும்? மணிக்கு ஐம்பது வரும்.
முகத்தையா பார்ப்போம்?"
பிடித்திருந்ததா?
"கதவு சேராது. ரப்பர் சுத்தியலால் நாலு போடு போடுவோம்.
எங்களிடம் இருந்தது வெள்ளை வேலியன்ட்.
அதில் ஹீட்டர் வேலை செய்தது."

வெர்லின் பேசவில்லை.
துணியைத் தின்னரில் நனைத்தான், துடைத்தான்.
பதினோரு வருடத்தில் ஒரு விரற்கடை போயிற்று.
குச்சியை நீட்டினான்.
சாற்றை வலது கைக்கு மாற்றிக்கொண்டு
கொசு அடிப்பதுபோல் ஒரு வீச்சு.
என்னிடம் திரும்பி, கழிப்பறை எந்தப் பக்கம் என்றாள் மறுபடி.
காட்டினேன்.

பிறகு புத்தகத்தைத் திறந்தேன். இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்.
சுழி வலப்புறம் சாய்ந்திருந்தது.
சாட்சி சொல்ல வந்தவளிடம் காகிதம் இல்லை;
என்னிடம் இருந்தது காகிதம் மட்டும்.
இரண்டு கழித்தேன்.
பேனா நின்று நின்று எழுதியது, வெயிலாக இருக்கலாம்.

மாலையில் வெள்ளை பாரகூடா ஒன்றுக்கு முதல் கோப்பை,
ஒன்றரை மதிப்பெண் வித்தியாசத்தில்.
வெர்லின் இரண்டாவதை வாங்கிப் பின் இருக்கையில் போட்டான்,
மளிகைப் பையைப் போடுவதுபோல்.
மனசு கேட்காமல் அருகில் போனேன்.
"அடுத்த வருடத்துக்குள் சரிசெய்துவிடலாம்" என்றேன்.

பானெட்டை இறக்கப் போனவன்
கம்பியைப் பிடித்தபடி என்னைப் பார்த்தான்.

"எதை?"